மாமா பழக்கிவிட்ட நடை

ஞாயிறு, மதியம்

என் அக்கா பெற்ற அருமை மகளும், கல்லூரியில் கட்டடக்கலை நடத்தும் பேராசிரியையும், எனக்கு இருக்கிற ஒரே மருமகளுமான பாப்பாவுக்கு, மாமா எழுதுவது.

இங்கே உன் அத்தையின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். அது மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ சௌக்கியமா என்று தெரியாமல்தான் பேனாவை எடுத்தேன். போனில் கேட்கலாம் என்றால் நீ எடுக்கவே மாட்டேன் என்கிறாய். சோதனை நடை முடிந்த நாளிலிருந்து மணி அடித்து அடித்து ஓய்கிறதே தவிர உன் குரல் வரவில்லை. நேற்று அக்காவைக் கேட்டேன். நீ அவளிடம் அழுதாயாம். "நான் படிச்சதெல்லாம் தப்பாப் போச்சும்மா" என்றாயாம். அதைச் சொல்லிவிட்டு, "அங்க என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெயித்தவள் எதற்காக அழ வேண்டும்?

உடம்புக்கு ஏதாவதா? இருக்கும். காலையில் வகுப்பு, மதியம் ஆராய்ச்சி, அதற்குப் பிறகு அந்த ஆபீசுக்குப் போய் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் வரைகிற வேலை. மூன்று ஆள் வேலையை ஒருத்தி தலையில் போட்டுக்கொண்டால் தலை என்னத்துக்கு ஆகும்? ஊரில் சொல்லும்போது நான் ஐந்து வேலை என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். ஜனங்கள் மூலை திரும்புவதைப் பற்றி ஆராய்ந்து நீ டாக்டர் பட்டம் வாங்கியதைச் சொன்னால், சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பறதுக்கெல்லாமா பட்டம் குடுக்கறாங்க?" என்கிறார். "உனக்கு நேரா நடக்கவே தெரியாது, உனக்கு எப்படிய்யா புரியும்?" என்று கேட்டேன். கடையே சிரித்தது.

சரி, அன்றைக்கு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். கேட்டால் அழுகை தானாக நின்றுவிடும். நீ தூரத்தில் உட்கார்ந்து காமிரா வழியாகத் தலைகளைத்தான் பார்த்திருப்பாய். அந்தத் தலைகளுக்குப் பின்னால் இருந்த தலை எது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

பேருந்து நிலையத்துக்குப் போகத் தண்டவாளத்துக்கு அடியில் நீங்கள் கட்டுகிற பாதையில் சோதனை நடை வைக்கப்போகிறோம் என்று சொல்லி என்னிடம் என்ன கேட்டாய்? "மாமா, உங்களுக்கு எல்லாரையும் தெரியும். பக்கத்துத் தெருவுல இருந்து எல்லா மாதிரி ஆளையும் கூட்டிட்டு வாங்க. வேலை நாள்ல எப்படிப் போவாங்களோ அப்படியே நடக்கட்டும். வேற ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றாய். அதற்கு மேலும் கடை, சுவர், மூலை என்று நீளமாக ஏதோ சொன்னாய். நான் அப்போது ஒரு பொதுக்கூட்டத்துக்கு வாடகைக்குப் போகவிருந்த ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தேன், பாதி காதில் விழவில்லை. விழுந்தவரைக்கும் போதும் என்று விட்டுவிட்டேன். என் மருமகள் வரைந்த பாதைக்குப் பரீட்சை, அது பாஸாக வேண்டும். இதற்குமேல் ஒரு தாய்மாமனுக்கு என்ன தெரிய வேண்டும்?

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான் நான். ஆனால் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதில் எனக்குப் பட்டம் கொடுத்தால் கோபுரம் உயரத்துக்கு அடுக்கலாம். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். பாதை எவ்வளவு அகலமோ அவ்வளவு, மூலை எங்கே திரும்புகிறதோ அங்கே திருப்பம், ரயில் மேடையிலிருந்து இறங்கும் படி எங்கே வந்து சேர்கிறதோ அங்கே இரண்டு பெஞ்சு. ஒலிபெருக்கியை மாட்டினேன். தினமும் சாயங்காலம் பயிற்சி. "போறவங்க இடது, வர்றவங்க வலது! திரும்பற எடத்துல நின்னு பேசினா மானம் போயிடும்! போனைப் பையில போடு!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த மைதானத்துக் காக்கைகள் ஊரைவிட்டே போய்விட்டன. தையல்கடைக்காரர், "இது என்ன நடையா, ராணுவமா?" என்று முணுமுணுத்தார். அவரை முன்வரிசையில் போட்டேன், வாய் மூடிக்கொண்டது.

ஆட்களையும் பார்த்துப் பொறுக்கினேன். ஊன்றுகோல் வாத்தியார் தானாகவே வந்து பெயர் கொடுத்தார். "நீங்க வீட்ல இருந்து ஆசீர்வாதம் பண்ணுங்க சார்" என்று அனுப்பிவிட்டேன். பழம் விற்கிற கூடைக்காரம்மாவையும் வேண்டாம் என்றேன். கைக்குழந்தைக்காரிகள், மூட்டைமுடிச்சு வைத்திருக்கிறவர்கள் யாரையும் சேர்க்கவில்லை. உன் அத்தையையே சேர்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள். "என்னை ஏன் விட்டீங்க?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "உன் முழங்காலுக்காக என் மருமக தோக்கணுமா?" என்று கேட்டேன்.

சோதனை அன்றைக்கு நீ பார்த்திருப்பாய். எண்ணெய் விட்ட சக்கரம் மாதிரி சுழன்றார்கள். மூலையில் ஒருத்தர் தோள் ஒருத்தர் மேல் படவில்லை. உங்கள் ஆபீஸ் பெரியவர், அந்த நரைத்தாடிக்காரர், அசந்துபோனார். "இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கைதான் கொடுத்தார். ஆனால் கட்டிப்பிடிக்கிற மாதிரியே கொடுத்தார். "எல்லாம் என் மருமக திறமை சார்" என்று அடக்கமாகச் சொன்னேன். "அப்ப அந்த மூலையில கடை கட்டிடலாம்" என்று அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். உன் பாதையில் கடைகூட வரப்போகிறது! இதற்கு மேல் என்ன ஜெயம் வேண்டும்?

ஆகையால் அழுகையை நிறுத்து. நேரத்துக்குச் சாப்பிடு. உன் மாணவர்களையும் உட்காரவைத்துத் திரையில் காட்டினாயாமே, அவர்கள் மூக்கில் விரல் வைத்திருப்பார்களே! இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய். மனசு என்னவோ மாதிரி இருக்கிறது.

நீ எடுத்து வைக்கிற அடியெல்லாம் மேட்டிலேயே விழட்டும்.

அன்புள்ள மாமா


வியாழன், காலை

பாப்பாவுக்கு, மாமா எழுதுவது.

உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சுருக்கமா எழுதுங்க, கதை கட்டாதீங்க" என்கிறாள். பார்க்கிறேன்.

நீ போனில் பேசியது காதைவிட்டுப் போகவில்லை. பிறந்ததிலிருந்து என்னிடம் குரல் உயர்த்தாத பிள்ளை நீ. கத்தியதுகூடப் பெரிதில்லை, உரிமை இருக்கிறது, கத்தினாய். கத்தி முடித்துவிட்டு மெதுவாக, "நீங்க வேணாம்னு விட்டவங்களுக்காகத்தான் மாமா நான் அந்த மூலையையே வரைஞ்சேன்" என்றாய் பார், அதற்குப் பிறகு எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

எனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்கிறேன், சரிதானா பார். நீ வரைந்தபோது அந்த மூலையைச் சரிவாகச் சீவி, இடம் விட்டு வரைந்திருக்கிறாய். பெரியவர் அந்த இடத்தில் கடை வைத்தால் லாபம் என்று சுவரை முனைவரைக்கும் இழுத்துவிட்டார். படியில் இறங்குகிற கூட்டமும் பாதையில் வருகிற கூட்டமும் அங்கே முட்டிக்கொள்ளும், பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் நிற்பது தெரியாது, மெதுவாகப் போகிறவர்கள்தான் நசுங்குவார்கள் என்று நீ சண்டை போட்டிருக்கிறாய். அவர், "உன் புத்தகத்தை விடு, ஜனங்களை நடக்கவிட்டுப் பார்ப்போம்" என்றிருக்கிறார். பலகையில் பொய்ச்சுவர் வைத்துச் சோதித்தார்கள். கூட்டம் முட்டிக்கொண்டால் உன் பக்கம் தீர்ப்பு. முட்டாமல் போனால் அவர் பக்கம். முட்டாமல் போகும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

இங்கே முட்டப்போகிறது பாருங்கள் என்று உன் மாணவர்களிடம் சொல்லிவிட்டுத் திரையைப் போட்டாயாமே. நீ அந்த இடத்தில் எப்படி நின்றிருப்பாய்? "சொந்த மாமாவை விட்டு ஆள் சேர்த்தா அது ஆராய்ச்சியா?" என்று கல்லூரி முதல்வர் கேட்டதாக அக்கா சொன்னாள். அந்தக் கேள்வி என் பக்கம் வர வேண்டியது, உன் பக்கம் வந்து நிற்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. நேற்றே கட்டட இடத்துக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்தேன். எதையும் மறைக்கவில்லை. சுண்ணாம்புக் கோடு, பயிற்சி, நான் கழித்துக்கட்டியவர்கள், எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் முதலில் சிரித்தார். பக்கத்தில் இருந்த மேஸ்திரியும் சிரித்தார். "போன வாரம் எல்லாம் உங்க மருமக திறமைன்னீங்க. இந்த வாரம் எல்லாம் உங்க திறமையா?" என்றார். இல்லை சார், சத்தியம் சார் என்றேன். "அன்னைக்கு டீ குடிக்கும்போது, வெள்ளத்துல ஒலிபெருக்கியை வெச்சே ரயிலை நிறுத்தினேன்னு சொன்னீங்களே, அதுவும் சத்தியம்தானே?" என்று கேட்டார்.

அது சரக்கு ரயில். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. "உங்க மருமக சொல்லி அனுப்பிச்சாங்களா?" என்று கேட்டார். பாப்பா, தோற்றுப்போன கோபத்தில் நீ மாமாவைத் தூது விட்டதாக அவர் நினைக்கிறார். நல்லது செய்யப் போய் உன் தலையில் இன்னொரு கல்லைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வெளியே வரும்போது செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். பலகையை எடுத்துவிட்டு அதே இடத்தில் சுவர் எழுப்பத்தான் என்றார்கள். வருகிற வாரம் ஆரம்பமாம். இப்போதைக்குப் பாதி ஜனம் அந்தப் பாதை வழியாகத்தான் போய்வருகிறது. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ரயில் வந்தது. படியில் இறங்கியவர்கள் மூலையில் சேர்ந்தார்கள். என் ஆள் தையல்கடைக்காரர்கூட, முன்வரிசைக்காரர், துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நட்டநடுவில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கூட்டம் தேங்கிப்போய் நின்றது. நான் பழக்கியதெல்லாம் அந்த ஒரு நாளைக்குத்தான் போலிருக்கிறது.

ஊரையே திரட்டிக்கொண்டு பெரியவர் முன்னால் நிறுத்தட்டுமா என்று நினைத்தேன். அத்தை, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆபீஸ் வேலையை விட்டுவிடுகிறேன் என்று நீ அக்காவிடம் சொன்னாயாமே. விடாதே, கண்ணு. உனக்கு அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீ விட்டுவிட்டால் அந்த மூலைக்காக வாயைத் திறக்க அங்கே யார் இருக்கிறார்கள்? என் வாய் போதாது. அது நேற்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் மேல் விழுந்தது எதுவானாலும் பாதியாகக் குறையட்டும்.

மாமா


சனி, காலை

பாப்பாவுக்கு, மாமா.

மறுபடியும் ஒரு சோதனை நடை நடத்த ஒப்புக்கொண்டார்கள் என்று அக்கா சொன்னபோது, உன் அத்தையைக் கூப்பிட்டு இரண்டு தடவை சொன்னேன். எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்றும் அக்கா சொன்னாள். நீ பெரியவரிடம் என் பேச்சையே எடுக்கவில்லையாம். முதல் நடையில் காமிரா எடுத்த படத்தை மட்டும் போட்டுக் காட்டச் சொன்னாயாம். "இதுல ஒரு பை இருக்கா பாருங்க. ஒரு குழந்தை இருக்கா? ஒரு கைத்தடி இருக்கா? கையில ஒண்ணுமே இல்லாம பஸ்ஸுக்குப் போற ஊர் எங்க இருக்கு?" என்று கேட்டாயாம். மனுஷன் படத்தை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தாராம். இதைத்தான் படிப்பு என்கிறது. நான் தொண்டை கிழியக் கத்தினேன், நீ ஒரு பையைக் காட்டச் சொன்னாய்.

இந்தத் தடவை ஆள் சேர்க்க உன் கல்லூரியிலிருந்தே வந்திருக்கிறார்கள். நிலையத்து வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர் யாரானாலும் கேட்டுக் கூப்பிடுகிறார்களாம். உன் மாமா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். நியாயம். சட்டைகூட மாட்டவில்லை, பனியனோடு வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சலூன்காரர் வந்து, "நீங்க இல்லாம எப்படி நடக்கும்?" என்று வம்புக்கு இழுத்தார். அதனால்தான் நடக்கும் என்றேன். அவருக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை. கடைசியில் கடையைப் பார்க்கப் போய்விட்டார்.

உன் அத்தை போயிருக்கிறாள். கூடைக்காரம்மாவும் வாத்தியாரும் வந்து கூப்பிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "போன தடவையும் நீங்கதான் வேணாம்னீங்க" என்றாள். நான் வாசல் கதவைத் திறந்துவிட்டேன்.

இப்போது என் பாட்டைக் கேள். உனக்காக வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினால் என்னவென்று வேண்டிக்கொள்வது? கூட்டம் முட்ட வேண்டும், மூலை அடைத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் நீ சொன்னது நிற்கும். ஆனால் அந்த மூலைக்குள்தானே உன் அத்தை இருக்கிறாள்! அவள் காலைப் பற்றி எனக்குத் தெரியும். பின்னாலிருந்து ஒரு தள்ளு விழுந்தால் தாங்காது. கல்யாணமான நாளிலிருந்து நான் முன்னால் வழி விலக்கிக்கொண்டு போகாமல் எந்தக் கூட்டத்துக்குள்ளும் அவள் நுழைந்ததில்லை. அடைக்கட்டும், ஆனால் அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்பது நியாயம்தானா என்று தெரியவில்லை. நீ தினமும் இந்தக் கவலையோடுதான் உட்கார்ந்து வரைகிறாய் போலிருக்கிறது. நான் என்னவோ கோடு போடுகிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே எந்தச் சத்தமும் இல்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். வந்ததும் எழுதுகிறேன்.

அத்தை வந்துவிட்டாள். வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. விழவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், விழவில்லை.

என்ன ஆச்சு என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரயில் வந்துச்சு. படியில இருந்து இறங்கினாங்க. நாங்க இந்தப் பக்கமிருந்து போனோம். அந்த மூலையில நின்னுட்டோம். நகர முடியலை. பின்னாடி வந்தவங்களுக்கு நாங்க நிக்கறது தெரியலை, வந்துக்கிட்டே இருந்தாங்க. முதுகுல சாய்ஞ்சாங்க. கூடைக்காரம்மா கூடையைத் தலைக்கு மேல தூக்கிட்டாங்க. ஒரு குழந்தை அழுதுச்சு, எங்கேன்னு தெரியலை. வாத்தியார் கைத்தடி என் காலுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. எனக்கு மூச்சு முட்டுச்சு. அப்புறம் மணி அடிச்சாங்க. தாடிக்காரரே மேல இருந்து ஓடி வந்து அந்தப் பலகைச் சுவரைப் பிடிச்சு இழுத்தாரு. ரெண்டு பேர் கூடச் சேர்ந்து இழுத்தாங்க. பலகை வந்ததும் காத்து வந்துச்சு. எல்லாரும் போயிட்டோம்."

அப்புறம் பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். பலகையைப் பிடித்தபடியே நின்றாராம். சுவர் வருமா வராதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

நான் இதில் எதையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு நான் அங்கே இல்லை. சந்தேகமாக இருந்தால் அத்தையையே கேள், அவளுக்குப் போன் போடு. மணி அடித்தால் நான் ஓடிப்போய் எடுக்கமாட்டேன், அவளே எடுக்கட்டும். அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதிக்கொள். உன் மாணவர்களுக்கும் சொல். சாப்பிட்டுவிட்டு உட்கார். நல்லபடியாக இரு.

ஒன்றே ஒன்று, பாப்பா. பேசி முடித்து நீ வைப்பதற்கு முன்னால், "மாமாகிட்ட குடுங்க" என்று அவளிடம் சொல். திட்டினாலும் சரி. நான் கூடத்தில்தான் இருப்பேன்.

உன் மாமா